ஊர் பேரைச் சொன்னதும் வக்கீலாகிவிடுகிறேன்

கடிதம்

அன்புள்ள மேடம்,

எனக்கு 29 வயது. சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் 6 வருஷமாக வேலை பார்க்கிறேன். கணவருக்கும் இங்கேதான் வேலை. வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு மாதமாக ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அதற்கப்புறம் தூக்கம் கிடையாது. பகலில் யாராவது ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்று சாதாரணமாகக் கேட்டால்கூட நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

என் ஊர் காயல்பட்டினம். தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். 40 ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிறோம், பெரும்பாலும் முஸ்லிம்கள். பாங்கு சத்தம்தான் எங்களுக்குக் கடிகாரம். சினிமா தியேட்டர் கிடையாது. ரஜப் மாதம் புகாரி ஷரீஃப் என்ற நபிமொழித் தொகுப்பை ஓதும் சபை நடக்கும். அதற்கென்றே லீவு போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இதிலெல்லாம் எனக்கு வெட்கம் இல்லை மேடம். நானும் தொழுகிறவள்தான்.

ஆபீஸில் சேர்ந்த முதல் வாரமே ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஊர் பேரைச் சொன்னதும் ஒருவர், “அங்கே வெளியாள் நுழையவே முடியாதாமே?” என்றார். திருச்செந்தூர் பஸ் எங்கள் ஊர் வழியாகப் போகிறது, ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது, இறங்கி யார் வேண்டுமானாலும் டீ குடிக்கலாம் என்றேன். அடுத்த ஆள், “வீட்ல உருதுதானே பேசுவீங்க? ஆனா தமிழ் நல்லா பேசுறீங்களே” என்றார். எங்கள் உம்மாவுக்கு உருதுவில் ஒரு சொல் தெரியாது. எங்கள் ஊர்க் காசிம் புலவர் நபிகள் நாயகத்தின் மேல் அருணகிரிநாதரின் சந்தத்திலேயே திருப்புகழ் பாடியவர். அதையும் சொன்னேன். அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தவள்தான், 6 வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட அதிகம் வருகிற கேள்வி, “பொண்ணுங்களை வெளியவே விட மாட்டாங்களாமே?”

அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. எங்கள் ஊரில் கல்யாணமானால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குத்தான். என் காக்கா, அதாவது அண்ணன், கல்யாணம் முடிந்து மதினி வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கும் என் லாத்தாவுக்கும், அதாவது அக்காவுக்கும், உம்மா வீடுதான் வீடு. மாமியார் வீட்டில் போய் அடங்கி வாழ வேண்டிய நிலைமை எங்களுக்கு இல்லை. தெருவில் பார்த்தால் பெண்கள் தட்டுப்பட மாட்டார்கள், உண்மைதான். ஆனால் வீடுகளுக்கு இடையில் முடுக்குகள், குறுகலான சந்துகள், ஓடும். உம்மா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முடுக்கு வழியாகப் போனால் பெரியம்மா வீடு, அங்கிருந்து அவர்கள் சிநேகிதி வீடு, அங்கிருந்து பெண்கள் தொழும் தைக்கா என்று சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் சுற்றிவிட்டு வருவார்கள். தெரு வெறிச்சென்று இருக்கும்போது முடுக்கு நிறைய ஆள் இருக்கும். 2011 தேர்தலில் எங்கள் நகராட்சித் தலைவராக வந்ததே ஒரு பெண்தான்.

இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள் என்று நினைத்தேன். ஒருவர் சிரித்தார். “அப்போ உங்க ஊர் ஆம்பளைங்க எல்லாம் வீட்டோட மாப்பிள்ளையா?” அது வரைக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்காக இரங்கிய அதே ஆள்! என் கணவரும் பக்கத்தில்தான் இருந்தார், என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. வண்டியில் போகும்போதும் ஒன்றும் பேசவில்லை.

இதெல்லாம் பழகிவிட்டது என்றுதான் இருந்தேன். இப்போது தூக்கம் போனதற்குக் காரணம் வேறு.

என் லாத்தா என்னைவிட 9 வயது மூத்தவள். பிளஸ் டூவில் 1,200க்கு 1,127 எடுத்தாள். அப்போது ஊரில் பெண்கள் கல்லூரி வரவில்லை. வெளியூர் அனுப்ப வீட்டில் ஒப்பவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம். நான் பிளஸ் டூ முடிக்கும்போது ஊரிலேயே கல்லூரி இருந்தது. டிகிரியை அங்கே முடித்தேன். அதன்பிறகு எம்.சி.ஏ. படிக்கச் சென்னைக்கு வர உம்மாதான் வாப்பாவிடம் பேசி அனுமதி வாங்கினார்கள். லாத்தா என் பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள். அவள் அன்றைக்கு என்ன நினைத்திருப்பாள் என்று நான் கேட்டதே இல்லை.

இப்போது லாத்தா மகள் பத்தாவது படிக்கிறாள். பிளஸ் ஒன்னில் சயின்ஸ் எடுக்க ஆசைப்படுகிறாள். மச்சான் ஹாங்காங்கில் இருக்கிறார். பத்தாவது போதும், அதற்கு மேல் பெண்கள் அரபிக் கல்லூரியில் ஓதட்டும் என்று முடிவு செய்துவிட்டார். டிசம்பரில் லாத்தா போன் செய்து அழுதாள். “நீ சொன்னா மச்சான் கேப்பாரு” என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் வாயில் வந்தது, “பாப்போம் லாத்தா, அவசரப்படாதே” என்பதுதான். இன்றைக்கு வரைக்கும் மச்சானிடம் பேசவில்லை.

அந்த வாரமே ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், நல்ல பிள்ளை, குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “உங்க ஊர்ல பொண்ணுங்களைப் படிக்க வைப்பாங்களாக்கா?” நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “எல்லாரும் படிக்கிறாங்க” என்றேன். சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

இப்போது மார்ச் 8 மகளிர் தினத்துக்கு ஆபீஸில் நிகழ்ச்சி. ‘கட்டுப்பாடான ஊரிலிருந்து வந்து சாதித்த பெண்’ என்ற தலைப்பில் 10 நிமிஷம் பேசும்படி எச்.ஆர். கேட்கிறார்கள். முடியாது என்று சொன்னால் ஊரை நினைத்து வெட்கப்படுகிறேன் என்று நினைப்பார்கள். ஒப்புக்கொண்டால் எதைப் பேசுவது? ஊரைப் பற்றி நல்லதாக மட்டும் சொன்னால் லாத்தாவுக்குத் துரோகம். உள்ளதைச் சொன்னால் ஊருக்குத் துரோகம். ஊருக்குப் போனால் பெரியம்மா, “மெட்ராஸ்காரியாயிட்டா, இனி நம்ம ஊர்ல குத்தம்தான் கண்டுபிடிப்பா” என்கிறார்கள். நான் எந்தப் பக்கத்து ஆள் மேடம்?

பெயர் வேண்டாம்,
சென்னை

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நான் நாசரேத்தில் வளர்ந்தவள். உங்கள் ஊரிலிருந்து அதே ரயில் பாதையில் சில ஸ்டேஷன் தள்ளி. கிறிஸ்தவர்கள் நிறைந்த எங்கள் ஊரும் சாமி பயம் நிறைந்த ஊர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்த பிறகு வீட்டில் படுத்திருக்கும் பிள்ளையை மொத்தத் தெருவும் விசாரிக்கும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், திருச்செந்தூர் போகும்போது காயல்பட்டினம் ஸ்டேஷனில் ரயில் நின்றால் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ‘அங்கே பொம்பளைங்க வெளியே வர மாட்டாங்க’ என்று எங்கள் அத்தை சொன்னதை நானும் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் முடுக்கு எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் உம்மா மத்தியானம் கிளம்பிப் போகும் அந்த நாலு வரியைப் படித்தபோது, நான் எவ்வளவு குறைவாகப் பார்த்து எவ்வளவு அதிகமாக முடிவு கட்டியிருந்தேன் என்று புரிந்தது. அதற்காக வருந்துகிறேன்.

இனி உங்களுக்கு வருவோம்.

நீங்கள் பொய் சொன்னதாக நினைத்து அழுதீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த நிமிஷத்தில் பேசியது உங்களுக்குள் 6 வருஷமாக வேலை பார்க்கும் வக்கீல். ஊர் பேர் காதில் விழுந்ததும் அவர் எழுந்துவிடுகிறார். எதிரில் இருப்பது குத்தலா, வெறும் கேள்வியா என்று பார்க்க அவருக்கு நேரம் கிடையாது. பதிலெல்லாம் தயார்: ரயில்வே ஸ்டேஷன், காசிம் புலவர், பெண்ணுக்கு வீடு, நகராட்சித் தலைவர். அத்தனையும் உண்மை. ஆனால் ஒரு வக்கீலால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. தன் கட்சிக்காரர் மேல் அவர் குறை சொல்ல முடியாது. தன் கட்சிக்காரர் வீட்டில் ஒரு பெண் அழுதாலும் கோர்ட்டில் அதை அவர் வாயால் சொல்ல மாட்டார்.

உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். வெளியாட்கள் உங்கள் ஊரைப் பற்றித் தவறாக நினைப்பதால் ஊரின் பேர் மட்டும் கெடவில்லை. ஊரைப் பற்றி உங்களுக்கு இருக்கும் மனக்குறையை வாய்விட்டுச் சொல்லும் உரிமையும் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. மற்ற ஊர்ப் பெண்கள் கேன்டீனில் உட்கார்ந்து, ‘எங்க ஊர்ல இன்னும் பொண்ணுன்னா இப்படித்தான்’ என்று அலுத்துக்கொள்கிறார்கள். சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போடுகிறார்கள். அது அவர்கள் ஊருக்கு எதிரான சாட்சியாக எங்கேயும் பதிவாவதில்லை. நீங்கள் சொன்னால் பதிவாகும். அந்தப் பயம் வெறும் பிரமை அல்ல. ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். ஆகவே உங்களைக் கோழை என்று நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

1903இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தன்னை எப்போதும் மற்றவர்களின் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலைமை, ஒரே உடம்புக்குள் இரண்டு பிரக்ஞை. அவர் சொன்னது அடிமைத்தனத்திலிருந்து வெளிவந்த ஒரு மக்களைப் பற்றி. உங்கள் நிலைமை அதுவல்ல. ஆனாலும் அந்த அலுப்பு உங்களுக்குத் தெரிந்த அலுப்பாகத்தான் இருக்கும். உளவியலில் இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் என்ற இருவர் 1995இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்குக் கடினமான ஒரு தேர்வு கொடுத்தார்கள். ‘இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு’ என்று சொல்லிக் கொடுத்தபோது, முந்தைய மதிப்பெண்களைக் கணக்கில் கொண்டு பார்த்தாலும், கறுப்பின மாணவர்கள் வெள்ளையின மாணவர்களைவிடக் குறைவாகச் செய்தார்கள். அப்படிச் சொல்லாமல் கொடுத்தபோது அந்தச் சரிவு இல்லை. தன் கூட்டத்தைப் பற்றிய தப்பான எண்ணம் தன் மூலமாக உறுதியாகிவிடுமோ என்ற பயமே கவனத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. ‘எந்த ஊர்?’ என்ற கேள்விக்கு உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வதும் இந்தப் பயம்தான். உங்களுக்கு மட்டும் அது பரீட்சைக் கேள்வியாக வருகிறது.

இதற்கு மருந்து இன்னும் நல்ல பதில்களைத் தயார் செய்வது அல்ல. பரீட்சை எழுதாமல் இருக்கக் கற்றுக்கொள்வது. ‘வெளியாள் நுழைய முடியாதாமே’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் கேள்வி கேட்கவில்லை, தீர்ப்பு சொல்கிறார். அதற்கு ஆதாரம் அடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. “நீங்க போயிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். புதிதாகச் சேர்ந்த அந்தப் பிள்ளை கேட்டது வேறு ரகம். அவளுக்கு முழு ஊரையும் சொல்ல வேண்டாம், உங்கள் வீட்டை மட்டும் சொல்லலாம். “எங்க லாத்தா காலத்துல கஷ்டமா இருந்துச்சு. எனக்குக் கிடைச்சுது. இன்னும் சில வீட்டுல போராட்டம் இருக்கு.” மூன்று வாக்கியம். ஒன்றும் பொய் இல்லை. யாரையும் காட்டிக் கொடுக்கவும் இல்லை. ‘எங்க ஊர்ல’ என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் அதை ‘எங்க வீட்ல’ என்று மாற்றிப் பாருங்கள். உங்கள் தோளில் இருக்கிற 40 ஆயிரம் பேரும் இறங்கிவிடுவார்கள்.

இப்போது ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்ணுக்கு வீடு என்ற வழக்கத்தை நீங்கள் துருப்புச் சீட்டாகப் பயன்படுத்துகிறீர்கள். அது உண்மையிலேயே பெரிய விஷயம். கீழக்கரையிலும் உண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குத்தான். என்னிடம் வரும் பெண்களில் பாதிப் பேருக்கு நடு ராத்திரியில் வெளியே போ என்று சொன்னால் போக ஒரு திண்ணைகூடக் கிடையாது. அந்த விதத்தில் உங்கள் ஊர்ப் பெண்களுக்கு இருக்கும் பிடிமானம் லேசானதல்ல. ஆனால் 1,127 மார்க்குக்கு அது பதில் ஆகாது. லாத்தாவுக்கு வீடு கிடைத்தது, கல்லூரி கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே நடந்தவை. முதலாவதை வைத்து இரண்டாவதை மூடியபோதுதான் உங்களுக்குத் தூக்கம் போனது. வெளியிலிருந்து ‘பெண்களை அடைத்து வைக்கும் ஊர்’ என்று எழுதுகிறவரும், ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு ‘பெண்கள் ஆளும் ஊர்’ என்று எழுதுகிறவரும் உங்கள் லாத்தாவைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் கணவர் வண்டியில் ஒன்றும் பேசவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்ற சொல் தமிழ்நாட்டில் ஒரு ஆணுக்கு வசவு. அவர் ஊரில் அது கௌரவமான வழக்கம். நூறு கிலோமீட்டர் தள்ளி வந்தால் கேலி. அவருக்கும் ஒரு வக்கீல் இருக்கிறார், அந்த வக்கீல் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த விஷயத்தை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவைகூடப் பேசியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு ராத்திரி பேசுங்கள். அவர்தான் உங்களுக்கு முதல் துணை. ஊரை அவரிடம் நிரூபிக்க வேண்டாம். ஊரைப் பற்றிக் குறை சொன்னாலும் அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். இப்படி இரண்டையும் சொல்ல முடிகிற ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் போதும். சென்னையில் வேலை பார்க்கும் உங்கள் ஊர்ப் பெண்கள் நிச்சயம் இருப்பார்கள். மாதம் ஒரு தடவை யாராவது ஒருத்தி வீட்டில் உங்கள் ஊர்ப் பலகாரம் வாடா சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, சஹன் என்ற ஒரே பெரிய தட்டில் கை வைத்து ஒன்றாக உண்கிறவர்கள் பேசுகிற மாதிரிப் பேசுங்கள்.

மேடை விஷயம். அந்தத் தலைப்போடு பேச ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. ‘கட்டுப்பாடான ஊரிலிருந்து வந்து சாதித்த பெண்’ என்னும்போதே ஊர் வில்லன், நீங்கள் தப்பி வந்தவர் என்ற கதை எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. உங்களுக்கு வெறும் வசனம்தான் பாக்கி. உங்களுக்காக வாப்பாவிடம் பேசிய உம்மாவும், ஊரிலேயே வந்த கல்லூரியும் அந்தக் கதையில் எங்கே இடம் பெறும்? மறுப்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. “என் ஊரைப் பற்றிப் பேச விருப்பமில்லை, என் வேலையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் வருகிறேன்” என்றால் போதும். அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

மேடைகளின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் எழுதியது இன்றைக்கும் செல்லும். இரண்டு கூட்டத்தார் சும்மா சந்தித்துக்கொண்டால் தப்பெண்ணம் குறைந்துவிடாது. சமமான இடத்தில் இருந்து, ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்; அதற்கு மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். 10 நிமிஷம் மேடையில் நிற்பவரும் கீழே கைதட்டுகிறவரும் சமம் இல்லை. 6 வருஷமாக உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ராத்திரி 11 மணிக்கு ரிலீஸ் முடித்துவிட்டு உங்களோடு டீ குடித்தவர் இருக்கிறாரே, அவர் உங்கள் ஊரைப் பற்றி மாறியிருப்பார். அது நீங்கள் வாதாடியதால் நடந்திருக்காது.

இன்னொன்று. எந்த மேடையானாலும் லாத்தாவின் கதையைச் சொல்லாதீர்கள். அது அவள் கதை. அவள் அழுதது உங்களிடம், உங்கள் ஆபீஸிடம் அல்ல.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மச்சானிடம் பேசச் சொன்னாள். உங்கள் ஆத்திரம் முழுக்கக் கேன்டீனில் செலவாகிவிடுகிறது; அது போக வேண்டிய இடம் ஹாங்காங். ஊருக்குத் துரோகம், லாத்தாவுக்குத் துரோகம் என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தீர்கள். மச்சானிடம் பேசுவதில் அந்த இரண்டும் கிடையாது, யோசித்துப் பாருங்கள். அது வீட்டுக்குள் நடக்கிற பேச்சு. உங்கள் உம்மா வாப்பாவிடம் பேசவில்லையா? அவர்கள் ஊருக்குத் துரோகம் செய்தார்களா?

எப்படிப் பேசுவது என்று சொல்கிறேன். ‘காலம் மாறிவிட்டது, நீங்கள் பழைய ஆள்’ என்று ஆரம்பித்தால் அவர் இறுகிவிடுவார், பெரியம்மா சொன்ன ‘மெட்ராஸ்காரி’ பேசுவதாகத்தான் அவர் காதில் விழும். அவர் பயம் என்ன என்று முதலில் கேளுங்கள். தூர தேசத்தில் இருந்துகொண்டு வளர்ந்த பெண்பிள்ளையைப் பற்றி யோசிக்கும் ஒரு தகப்பனுக்குப் பயம் இல்லாமல் இருக்காது. பிள்ளை ஓத வேண்டும் என்ற அவர் ஆசையை எதிர்க்காதீர்கள். நீங்களும் அந்த ஆசைக்கு எதிரி இல்லை. ஓதலும் படிப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று உங்கள் மார்க்கம் சொல்லவில்லை. அறிவைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை என்ற நபிமொழி எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஊருக்குள்ளேயே பெண்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது, வாவு வஜீஹா பெண்கள் கல்லூரி இருக்கிறது. பிள்ளை எங்கேயும் வெளியூர் போகத் தேவையில்லை. லாத்தாவுக்கு அன்றைக்கு இல்லாத வசதி அவள் மகளுக்கு வாசலில் நிற்கிறது. இதை நீங்கள் மட்டும் சொல்வதைவிட, உம்மாவும் சொல்லட்டும். மச்சான் மதிக்கிற ஆலிமா, மார்க்கம் படித்த பெண், யாராவது இருந்தால் அவர்களிடமும் லாத்தா ஒரு வார்த்தை கலந்துகொள்ளலாம். முடுக்கு வழியாக எவ்வளவோ காரியம் நடந்திருக்கும் ஊர் அது. இதுவும் நடக்கும்.

ஒரே போனில் முடியாது. முதல் தடவை அவர் ‘பார்க்கலாம்’ என்று சொல்லி வைத்துவிட்டால் தோற்றுப்போனதாக நினைக்காதீர்கள். ஆனால் அதற்கு முன்னால் லாத்தாவைக் கூப்பிட்டு, உங்கள் பெட்டியை அடுக்கிக் கொடுத்த அன்றைக்கு அவள் என்ன நினைத்தாள் என்று கேளுங்கள். பதில் வலிக்கலாம். இத்தனை வருஷமாக அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் நீங்கள் ஊரைத் தூக்கிப் பிடிக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அவளுக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்ததே என்ற குற்ற உணர்ச்சி, ‘எங்க ஊர்ல எல்லாரும் படிக்கிறாங்க’ என்று சொல்லிவிட்டால் கொஞ்ச நேரம் அடங்கும். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

பெரியம்மா சொன்னதற்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். ஊரில் குற்றம் கண்டுபிடிக்கும் உரிமை ஊர்க்காரிக்குத்தான் முதலில் உண்டு. அங்கே வீடு வைத்திருக்கிறவள் நீங்கள்.

தூக்கத்தைப் பற்றி. 3 மணிக்கு விழித்தால் படுக்கையில் புரளாமல் எழுந்துவிடுங்கள், செல்போனைத் தொடாதீர்கள். பின்னிரவுத் தொழுகையான தஹஜ்ஜுத் தொழும் பழக்கம் இருந்தால் அந்த நேரத்தை அதற்குக் கொடுங்கள். தூங்காமல் கிடப்பது வேறு, எழுந்து தொழுவது வேறு, உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியும். இன்னும் மூன்று வாரத்தில் சரியாகாவிட்டால், அல்லது படபடப்பு கூடினால், நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குள் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

மார்ச் 8 போய்விட்டுப் போகட்டும். பிள்ளைக்குப் பத்தாவது பரீட்சை முடிந்து பிளஸ் ஒன் விண்ணப்பம் கொடுக்க ஆரம்பிப்பதற்குள் மச்சானிடம் இரண்டு மூன்று தடவை பேச உங்களுக்கு நேரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் ஓய்வாக இருக்கும் நேரம் லாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.